நுரையீரல் கெட்டால் இதயம் ஏன் தள்ளாடுகிறது? விலங்கு ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிமோனியா, டெங்கு, ஸ்க்ரப் டைபஸ், ரத்தத்தில் கிருமி பரவுதல், சாலை விபத்து என்று எதில் தொடங்கினாலும் சரி, இரண்டு நுரையீரலும் நீர்கோத்துக் கனத்து, காற்று புக இடமில்லாமல் போகும் நிலைக்கு ஏ.ஆர்.டி.எஸ். என்று பெயர். 1967இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆஷ்பாவும் அவருடைய சகாக்களும் 12 நோயாளிகளை வைத்து இதை முதன்முதலில் விவரித்தார்கள். இந்த நிலையில் ரத்த ஓட்டம் என்ன ஆகிறது என்று இன்று நமக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பங்கு பன்றி, செம்மறி, நாய், எலி ஆகியவற்றின் உடலிலிருந்து வந்தது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிப்பவர்கள், கோவை ஐ.சி.யு.க்களில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள், பல்லடம் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எனக் கேட்பவர்கள் பலவகை. கேள்விகளும் அப்படித்தான் ஏறி இறங்கி இருக்கும்.

ஆக்சிஜன் ஏறவில்லை என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். இதில் இதயம் எங்கே வந்தது?

இதயத்தின் வலதுபுறத்திலிருந்து கிளம்பும் ரத்தம் மொத்தமும், பெரியவர்களுக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர், நுரையீரல் வழியாகத்தான் இடதுபுறம் போய்ச் சேர வேண்டும். சுற்றுவழி கிடையாது. அங்கே வழி இறுகினால் இடது இதயத்துக்கு வருவதே குறையும். பிறகு மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அனுப்ப என்ன இருக்கும்?

நலமாக இருப்பவரின் நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் 14 மி.மீ. பாதரசம்தான். உடலின் மற்றத் தமனிகளில் அது 90ஐ ஒட்டி இருக்கும். அதனால் வலது கீழறையின் சுவர் மெல்லியது. நம் ஊர்க்காரர்களுக்கு மோட்டாரை வைத்தே சொல்லிவிடலாம். இடது கீழறை ஆயிரம் அடி போர்வெல்லில் இறக்கிய சப்மெர்சிபிள். வலது கீழறை வாய்க்காலுக்கு இறைக்கும் மோனோபிளாக். தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளும், உயரத்துக்கு ஏற்றச் சொன்னால் திணறிவிடும். பல மாதம் மெல்ல மெல்லச் சுமை ஏறினால் வலது கீழறை தசை போட்டுச் சமாளிக்கும். ஏ.ஆர்.டி.எஸ். அந்த அவகாசத்தைத் தருவதில்லை. சில மணி நேரத்தில் சுமை இரட்டிப்பாகிறது, அறை வீங்குகிறது.

நுரையீரலைக் காக்கும் முறையில் வென்டிலேட்டர் வைத்தாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிக்கு எக்கோவில் வலது இதயம் திணறுவது தெரிகிறது. நிமோனியாவால் வந்தவர்கள், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறியவர்கள், நுரையீரல் மிகவும் விறைத்துப் போனவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல்.

நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறக் காரணம் என்ன?

ஒன்றல்ல, பல. ஒரே நேரத்தில் சேர்ந்து வருவதுதான் சிக்கல்.

முதலாவது, காற்று வராத பகுதிக்கு ரத்தம் போவதை நுரையீரல் தானாகவே குறைத்துக்கொள்ளும் பழக்கம். 1946இல் ஸ்வீடனில் ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் பூனைகளுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, நுரையீரல் தமனி அழுத்தம் ஏறுவதைக் காட்டினார்கள். உடலின் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக் குழாய் விரியும். நுரையீரலில் மட்டும் சுருங்கும். ஒரு மூலையில் சளி அடைத்தால் இது வரப்பிரசாதம். கெட்ட பகுதிக்கு ரத்தத்தை வீணாக்காமல் நல்ல பகுதிக்குத் திருப்பிவிடும். நுரையீரல் முழுக்கக் கெட்டுப்போனால் இதே பழக்கம் எல்லா வாசலையும் ஒன்றாக இழுத்துச் சாத்துகிறது.

இதோடு நுண்குழாய்களில் சிறு ரத்தக்கட்டிகள் அடைக்கும். அழற்சியில் சுரக்கும் திராம்பாக்சேன் குழாய்களை இறுக்கும். தேங்கிய நீர் வெளியிலிருந்து அமுக்கும். கார்பன் டை ஆக்சைடு ஏறி ரத்தம் அமிலமானால் சுருக்கம் இன்னும் வலுக்கும். இதற்கெல்லாம் மேலே வென்டிலேட்டரின் அழுத்தம். 1977இல் ஜாப்பாலும் ஸ்னைடரும் கடுமையான சுவாசச் செயலிழப்பு உள்ள மனிதர்களிடமே நுரையீரல் தமனி அழுத்தம் உயர்ந்திருப்பதைக் காட்டிய பிறகுதான், ‘இது நுரையீரல் நோய் மட்டும்’ என்ற நினைப்பு ஆட்டம் கண்டது.

விலங்குகளில் இந்தக் காயத்தை எப்படி உண்டாக்குகிறார்கள்?

மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் போட்ட பிறகுதான் எல்லாமே. வழிகள் பல, ரத்த ஓட்டத்தில் அவை விடும் தடம் ஒன்றுபோல் இருக்காது.

ஓலெயிக் அமிலம் ஒரு கொழுப்பு அமிலம். எலும்பு முறிவுக்குப் பின் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலைக் கெடுப்பதைப் படிக்கத்தான் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பெரிய சிரை வழியாக மெதுவாகச் செலுத்துவார்கள். நுண்குழாய்ச் சுவர் நேரடியாக வெந்துபோகிறது. மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றால் தெரியும்: ஊசியின் பிஸ்டன் நகர்ந்த சில நிமிடங்களில் நுரையீரல் தமனியின் கோடு படிப்படியாக மேலே ஏறும், அநேகமாக இருமடங்காகும், அதே திரையில் உடல் ரத்த அழுத்தத்தின் கோடு கீழே சரியும். செலுத்துபவர் கையை நிறுத்தி, ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்-அட்ரினலின் சொட்டைக் கூட்டி, நிலைத்த பிறகுதான் மிச்சத்தைச் செலுத்துவார். அவசரப்பட்டால் விலங்கு அங்கேயே போய்விடும். இறப்புக்குக் காரணம் ஆக்சிஜன் குறைவு என்று எழுதுவார்கள். பல நேரம் வலது இதயம் நின்றதுதான் உண்மை.

உப்புநீரால் நுரையீரலைக் கழுவுவது இன்னொரு வழி. 1980இல் லாக்மன் குழு கினிப்பன்றிகளில் செய்து காட்டியது. உடல் சூட்டில் இருக்கும் உப்புநீரை உள்ளே விட்டு வெளியே எடுக்க எடுக்க, காற்றறைகளை விரித்து வைக்கும் சர்ஃபாக்டன்ட் கழுவிக்கொண்டு போய்விடும். ஆக்சிஜன் மளமளவென விழும், ஆனால் ரத்தக் குழாய்ச் சுவருக்கு அத்தனை சேதம் இல்லை. வென்டிலேட்டர் அமைப்பைச் சோதிக்க நல்ல மாதிரி. ரத்த ஓட்டத்தைப் பற்றிப் பேச இதை மட்டும் நம்புவது சரியில்லை என்பது என் கருத்து.

கிருமியின் சுவரிலிருந்து எடுத்த எண்டோடாக்சின் என்ற நச்சைச் செலுத்துவது செப்சிஸுக்கு, அதாவது ரத்தத்தில் கிருமி பரவும் நிலைக்கு, நெருக்கமானது. செம்மறியில் இது இரண்டு கட்டமாக நடக்கும். முதல் மணி நேரத்தில் திராம்பாக்சேனால் நுரையீரல் தமனி அழுத்தம் சட்டென்று எகிறும். அது கொஞ்சம் தணிந்த பிறகு, சில மணி நேரம் கழித்துக் குழாய்ச் சுவர் ஒழுக ஆரம்பிக்கும். இந்த ஒழுக்கைப் பிரித்து அறிய உதவியது நிணநீர். 1970களில் ஸ்டாப், பிரிகம் போன்றோர் செம்மறியின் நுரையீரல் நிணநீரைக் குழாய் வைத்துச் சேகரித்தார்கள். வரும் நீர் அதிகமாகவும் புரதம் செறிந்தும் இருந்தால் சுவர் ஓட்டை. நீர் மட்டும் கூடிப் புரதம் நீர்த்திருந்தால் அழுத்தத்தால் வந்த கசிவு. எளிமையான யோசனை, ஆனால் அதுவரை யாராலும் அத்தனை தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஏன் பன்றி? ஆடு, நாய் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை, இங்கேதான் பல பேர் சறுக்குகிறார்கள். பன்றியின் நுரையீரல் தமனிகளில் தசை அதிகம். ஆக்சிஜன் குறைந்ததும் பலமாகச் சுருங்கும். நாயின் நுரையீரலில் அடைபட்ட காற்றறைக்குப் பக்கத்து அறையிலிருந்து காற்று புக வழி உண்டு, அதன் குழாய்கள் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. ஒரே காயத்துக்குப் பன்றியின் வலது இதயம் தத்தளிக்கும், நாய் தாங்கிக்கொள்ளும். மனிதர் இரண்டுக்கும் நடுவில்.

இன்னொரு வேறுபாடு. செம்மறி, வெள்ளாடு, மாடு, பன்றி ஆகியவற்றின் நுரையீரல் நுண்குழாய்களுக்குள்ளேயே விழுங்கணுக்கள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. ரத்தத்தில் வரும் எண்டோடாக்சினை அவை உடனே பிடித்துக்கொண்டு அழற்சிப் பொருள்களைக் கொட்டும். மனிதருக்கும் நாய்க்கும் எலிக்கும் சாதாரணமாக இந்த அணுக்கள் அங்கே இல்லை. செம்மறியில் எண்டோடாக்சின் நுரையீரல் தமனி அழுத்தத்தை இவ்வளவு உயர்த்துகிறது என்ற எண்ணை அப்படியே மனிதருக்குப் பொருத்தினால் கணக்கு தப்பும். மேச்சேரி ஆட்டுக்கும் இதே கதைதான், மெரினோவுக்கும் இதே கதைதான். இனம் மாறினாலும் செம்மறி செம்மறிதான்.

எலியில் செய்தால் செலவு குறையுமே?

குறையும். மரபணு ஆய்வுக்கு எலியை விட்டால் வேறு வழியும் இல்லை. ஆனால் சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500க்கு மேல் துடிக்கிறது. அதன் நுரையீரல் தமனிக்குள் கருவி செலுத்துவதே ஒரு வித்தை. எதை ‘நுரையீரல் காயம்’ என்று ஒப்புக்கொள்வது என்பதிலும் குழப்பம் இருந்தது. திசு மாற்றம், சுவர் ஒழுக்கு, அழற்சி, செயல்பாட்டுக் குறைவு என்ற நான்கில் குறைந்தபட்சம் மூன்று இருக்க வேண்டும் என்று 2011இல் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கத்தின் குழு வரையறை வைத்தது. ரத்த ஓட்டம் அதில் தனித் தலைப்பாக இடம்பெறவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல்.

வென்டிலேட்டரே இதயத்தைக் கெடுக்குமா?

கெடுக்கும். இதைப் புரிந்துகொள்ள ஒரே சோதனையை 43 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

1974இல் வெப்பும் டியர்னியும் நலமான நுரையீரல் உள்ள எலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் 45 செ.மீ. நீர் அழுத்தம் வரை காற்றை உள்ளே தள்ளினார்கள். மூச்சு வெளியேறும் நேரத்தில் பிடிமான அழுத்தம், அதாவது பீப், எதுவும் இல்லை. அரை மணி நேரத்தை ஒட்டியே நுரையீரல் நீரில் ஊறிப்போனது. அதே உச்ச அழுத்தம், ஆனால் 10 செ.மீ. பீப் வைத்த எலிகள் பெரிதும் தப்பின. காற்றறைகள் ஒவ்வொரு மூச்சிலும் முழுக்க மூடி முழுக்கத் திறப்பதால் கிழிகின்றன என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். மூச்சின் அளவைக் குறைக்க வேண்டும் என்ற சிந்தனைக்கு அடிக்கல் இதுதான். 2000இல் 861 நோயாளிகளிடம் நடந்த பெரிய அமெரிக்க ஆய்வு, ஒரு மூச்சின் அளவை, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட உத்தேச எடையில் கிலோவுக்கு 12 மி.லி. என்பதிலிருந்து 6 மி.லி. ஆக்கியபோது இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது.

2017இல் டொரன்டோவில் கட்டிராவும் சகாக்களும் அதே எலிச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இந்த முறை நெஞ்சின் மேல் எக்கோ இருந்தது. காற்று உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் நுரையீரலுக்குள் ரத்தம் போவது நின்றுவிட்டது; காற்று வெளியே வந்ததும் அடைபட்ட ரத்தம் மடையுடைத்துப் பாய்ந்தது. நின்று, பாய்ந்து, நின்று, பாய்ந்து, நுண்குழாய்ச் சுவர் கிழிந்தது. வலது கீழறை வீங்கி, இடது கீழறையை ஒருபக்கமாக நசுக்கியது. பீப் வைத்த எலிகளில் இந்தக் கூத்து இல்லை. நாற்பது ஆண்டுகளாகக் காற்றின் குற்றம் என்று நினைத்ததில் ரத்தத்துக்கும் பங்கு இருந்தது. எனக்குத் தெரிந்த நுரையீரல் ஆய்வுகளில் மாணவர்களிடம் முதலில் படிக்கச் சொல்வது இந்த இரண்டையும்தான், அடுத்தடுத்து வைத்து.

இதே குழு 2018இல் இன்னொன்றையும் காட்டியது. நீண்ட நேரம் அதிக பீப்பில் இருந்த எலிக்கு அதைத் திடீரென்று எடுத்துவிட்டால், சிரை ரத்தம் வெள்ளமாக இதயத்துக்குத் திரும்பி, இடதுபுற அழுத்தம் எகிறி, நுரையீரலில் நீர் கோக்கிறது. சளி உறிஞ்சச் சட்டென்று வென்டிலேட்டர் குழாயைக் கழற்றும் பழக்கம் உள்ள இடங்களில் செவிலியர்களுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

ஆனால் பீப் கூடக் கூட நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நுரையீரல் சுருங்கிக் கிடந்தாலும் பெரிய குழாய்கள் மடங்கி எதிர்ப்பு ஏறும். அளவுக்கு மீறி ஊதினாலும் காற்றறைகளைச் சுற்றிய நுண்குழாய்கள் நசுங்கி எதிர்ப்பு ஏறும். நடுவில் ஒரு இடத்தில்தான் வலது இதயத்துக்கு மூச்சு விட நேரம்.

பிரஷர் விழுந்தால் ‘ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க’ என்கிறார்கள் உறவினர்கள். ஏற்றினால் என்ன?

வலது கீழறை ஏற்கெனவே வீங்கி நிற்கும்போது இன்னும் நிரப்பினால், நடுச்சுவர் இடதுபுறம் தள்ளப்பட்டு இடது கீழறை நிரம்ப இடமில்லாமல் போகும். ரத்த அழுத்தம் இன்னும் விழும். நீர் ஒழுகும் நுரையீரலுக்கும் அது சுமை. 2006இல் வெளியான 1000 நோயாளிகள் ஆய்வில், நீரைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு இறப்பில் பெரிய வேறுபாடு இல்லை; வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் விடுபட்டார்கள். தொடக்க மணி நேரத்து செப்சிஸ் அதிர்ச்சிக்கு நீர் தேவை, அது வேறு கட்டம்.

என்ன உதவும் என்பதற்கு 1981இல் விளாஹேக்ஸ் குழு நாய்களில் வழிகாட்டியது. நுரையீரல் தமனியை இறுக்கி வலது இதயம் செயலிழக்கும் வரை கொண்டுபோனார்கள். பிறகு பெருந்தமனி அழுத்தத்தை மருந்தால் உயர்த்தினார்கள். இறுக்கம் அப்படியே இருக்க, வலது கீழறை மீண்டது. அதன் தசைக்கு ரத்தம் தருவதும் பெருந்தமனிதானே. அறைக்குள் அழுத்தம் ஏறி, பெருந்தமனியில் அழுத்தம் விழுந்தால் தசை பட்டினி கிடக்கும். இன்று ஐ.சி.யு.வில் நார்-அட்ரினலின் சொட்டு போடுவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு.

ஏனுங்க டாக்டர், மார்கழி வந்தா எங்க பண்ணையில கோழி வவுத்துல தண்ணி கோத்துச் சாவுதுங்க. அதுவும் இதுவும் ஒண்ணுங்களா?

பாதி ஒண்ணுதானுங்க. ஆரம்பம் வேற, முடிவு ஒண்ணு.

பிராய்லர் குஞ்சு ஆறு வாரத்துக்குள்ள ரெண்டு கிலோவைத் தாண்டுதுங்க. சதை வளர்ற வேகத்துக்கு நுரையீரல் வளர்றதில்ல. கோழிக்கு நுரையீரல் விலா எலும்போட ஒட்டி விறைப்பா இருக்கும், நம்மளது மாதிரி விரிஞ்சு இடம் கொடுக்காது. அதுல பனி இறங்குதுன்னு ராத்திரி படுதாவை முழுக்க இறக்கி விட்டுடறோம். குளிருக்கு உடம்பு அதிகமா ஆக்சிஜன் கேக்குது, உள்ள அம்மோனியா நெடி, காத்தோட்டம் இல்ல. நுரையீரல் தமனியில அழுத்தம் ஏறி, வலது இதயம் பெருத்து, ரத்தம் பின்னால தேங்குது. கல்லீரல்ல இருந்து மஞ்சத் தண்ணி கசிஞ்சு வயிறு ரொம்புது. கோழியோட வலதுபக்க வால்வு சவ்வு இல்லீங்க, சதை மடிப்பு. அறை பெருத்தா அதுவும் தடிச்சுப்போயி ஒழுங்கா மூடாது. அதனாலதான் கோழிக்கு இவ்வளவு சீக்கிரமாத் தண்ணி கோக்குது.

செத்த கோழியை அறுத்துப் பார்க்கறப்ப வயித்துத் தண்ணியோட நின்னுடாதீங்க. இதயத்தைக் குறுக்கா வெட்டிப் பாருங்க. வலது கீழறைச் சுவரை மட்டும் தனியா அறுத்து எடை போட்டு, ரெண்டு கீழறையோட மொத்த எடையால வகுங்க. 0.3ஐ ஒட்டி வந்தா விஷயம் இதுதான். படுதாவோட மேல்பக்கம் ஒரு சாண் திறந்து விடுங்க, முதல் வாரங்கள்ல தீனியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க.

(மாணவர்களுக்கு: கோழி ஏ.ஆர்.டி.எஸ்.ஸுக்கு மாதிரி ஆகாது. காற்றறை அமைப்பே வேறு. வலது இதயம் எப்படித் தோற்கிறது என்பதற்கு மட்டும் அது நம் வாசலில் கிடக்கும் பாடம்.)

விலங்கில் பலித்த மருந்து மனிதரிடம் ஏன் பலிப்பதில்லை?

நைட்ரிக் ஆக்சைடு வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் ஃப்ராஸ்டெல் குழு ஆட்டுக்குட்டிகளுக்கு இதைச் சுவாசிக்கக் கொடுத்தபோது, உடல் ரத்த அழுத்தம் விழாமல் நுரையீரல் தமனி மட்டும் தளர்ந்தது. 1993இல் ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளிடமும் ஆக்சிஜன் ஏறியது, அழுத்தம் குறைந்தது. எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். பெரிய ஆய்வுகள் வந்தபோது உயிர் பிழைப்பதில் முன்னேற்றம் இல்லை. பச்சிளம் குழந்தைகளின் நுரையீரல் உயர் அழுத்தத்துக்கு மட்டும் அது நிலையான இடம் பிடித்தது. செம்மறியில் முதல்கட்ட அழுத்தத்தை அடக்கிய இபுப்ரூஃபன் வகை மருந்தும் அப்படியே. 1997இல் செப்சிஸ் நோயாளிகள் 455 பேரிடம் உயிரைக் காக்கவில்லை.

ஆய்வு விலங்கு இளமையானது, சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாதது. காயம் எப்போது பட்டது என்று நிமிடக் கணக்கில் தெரியும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் சோதனை முடிந்துவிடும். ஐ.சி.யு.வுக்கு வருபவரோ அறுபது வயதில், இருபது வருடச் சர்க்கரையோடு, நான்கு நாள் காய்ச்சலுக்குப் பின் வருகிறார்.

கொரோனா காலத்தில் குப்புறப் படுக்க வைத்தார்களே, அதுவும் விலங்கில் பார்த்ததா?

விலங்கிலும் பார்த்ததுதான். 1987இல் ஆல்பர்ட் குழு ஓலெயிக் அமிலக் காயம்பட்ட நாய்களைக் குப்புறப் போட்டபோது ஆக்சிஜன் ஏறியதைக் காட்டியது. 2013இல் பிரெஞ்சு மருத்துவர் கெரின் தலைமையில் 466 பேரிடம் நடந்த ஆய்வில் 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆனது. முதுகுப்பக்க நுரையீரல் திறந்துகொள்வதால் வலது இதயத்தின் சுமையும் இறங்குகிறது. விலங்கு ஆய்வு துணைநிற்க மனிதரிடம் நிலைத்தவற்றில், காசு செலவில்லாதவற்றுள் இதுவும் ஒன்று.

இது விலங்குகளுக்குக் கொடுமை இல்லையா?

கேட்க வேண்டிய கேள்வி. இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென ஒரு மத்தியக் குழு இருக்கிறது. 1998 விதிகளின்படி நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். அதன் நெறிமுறைக் குழு ஒவ்வொரு சோதனையையும் முன்கூட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். மாற்று வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று 1959இல் ரசலும் பர்ச்சும் வைத்த மூன்று கட்டளைகள் எங்கும் அடிப்படை. என்னைக் கேட்டால், தவறான விலங்கில் தவறான மாதிரியைச் செய்து பயனில்லாத எண்ணைப் பெறுவதுதான் பெரிய கொடுமை. அந்த உயிர் சும்மாவே போனது.

இப்படிப்பட்ட கட்டுரையைப் படிக்கும்போது எதை முதலில் பார்ப்பது?

மயக்க மருந்தை. ஐசோஃப்ளூரேன் போன்ற வாயுக்கள் ஆக்சிஜன் குறைவுக்கு நுரையீரல் குழாய் சுருங்குவதை மட்டுப்படுத்தும். புரோபோஃபால் அவ்வளவு செய்யாது. அடுத்து, கார்பன் டை ஆக்சைடைச் சமமாக வைத்தார்களா என்று. பிறகு நெஞ்சு மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று. திறந்த நெஞ்சில் பீப்பின் விளைவே வேறு.

கடைசியாக, நுரையீரல் தமனி அழுத்தத்தை மட்டும் கொடுத்து, இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இறைத்தது என்பதைக் கொடுக்காத கட்டுரையை நம்பாதீர்கள். எதிர்ப்பைக் கணக்கிட, தமனியின் சராசரி அழுத்தத்திலிருந்து இடதுபுற அழுத்தத்தைக் கழித்து, ஓட்டத்தால் வகுக்க வேண்டும். ஓட்டம் தெரியாமல் இந்தக் கணக்கே இல்லை. வலது கீழறை கைவிடும் தறுவாயில் அழுத்தத்தை எழுப்பவே அதற்குத் திராணி இருக்காது. அப்போது 40இல் நின்ற எண் 30க்கு இறங்கும், திரையைப் பார்ப்பவர் மருந்து வேலை செய்கிறது என்று நினைப்பார். அடுத்த பத்தியில் அந்த விலங்கு இறந்ததாக எழுதியிருக்கும்.